தட்டும் எஞ்சினும் மஞ்சள் விளக்கும்

பௌர்ணமி மாலையில் செங்கம் சாலையோரம் நின்று திருவண்ணாமலைக்கு வந்து சேரும் வாகனங்களைக் கவனிப்பவர், கடந்த கால் நூற்றாண்டில் நம் நாட்டு மோட்டார் எஞ்சின் அடைந்துள்ள மாறுதல் முழுவதையும் ஒரே இடத்தில் கண்டுவிடலாம். பால் கேன் ஏற்றி வரும் பழைய மொபெட்டும், வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட புல்லட்டும், டீசல் வேனும் ஒருபுறமிருக்க, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை வழியாகப் பெங்களூரிலிருந்து இறங்கி வரும் கார்களில் பல, மூன்றே சிலிண்டரும் ஒரு லிட்டர் கொள்ளளவும் மட்டுமே உடைய சிறிய பெட்ரோல் எஞ்சின்களால் ஓடுபவை. அவற்றின் சிறுமையை ஈடுசெய்வது டர்போ. புகைக்குழாய் வழியே வீணாகப் போகும் உஷ்ண வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் கோத்த மற்றொரு சக்கரத்தால் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் இந்த உபாயத்துக்குச் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி 1905-லேயே காப்புரிமை பெற்றார் என்றாலும், நம் பக்கத்துப் பெட்ரோல் கார்களில் அது பழக்கமானது, மறைமலைநகரில் உருவான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-இலும், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்தில் உருவான ஹூண்டாய் வென்யூ 2019-இலும் சந்தைக்கு வந்த பிறகுதான்.

தொழிற்சாலை தந்த சக்தியோடு திருப்தி அடையாதவர்கள் எக்காலத்திலும் உண்டு. முன்னாளில் அவர்கள் கார்புரேட்டர் ஜெட்டை மாற்றினார்கள். சிலிண்டர் ஹெட்டைச் சீவினார்கள். இன்று எஞ்சினை ஆளும் கணினியாகிய ஈசியூவில் பதிந்துள்ள அட்டவணைகளையே திருத்தி எழுதி, பூஸ்ட் அழுத்தத்தைக் கூட்டி, ஸ்பார்க் விழும் நேரத்தைச் சற்று முன்னுக்குத் தள்ளி, அதற்கு ‘ரீமேப்’ என்றும் ‘ஸ்டேஜ் ஒன்று’ என்றும் பெயரிட்டிருக்கிறார்கள். அப்படிச் செய்வித்துக்கொண்ட ஒருவர், சித்திரை வெயிலில் ஊர் எல்லையில் நெரிசலில் நின்று, பிறகு இடைவெளி கிடைத்த மாத்திரத்தில் ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறார். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மினுக்குகிறது, அல்லது கைப்பேசியில் அவர் இணைத்து வைத்த செயலி ‘நாக்’ என்று கூவுகிறது. சாதாரணக் காரில் இந்தத் தொல்லை இல்லை: அங்கே ஈசியூ தன் காதில் விழுந்ததை உரிமையாளரிடம் சொல்லாமலே காரியத்தைச் சரிசெய்துகொண்டு போய்விடும். டியூன் செய்பவர்தான், எல்லைக்கு அருகே எஞ்சினை நிறுத்தியிருக்கிறோம் என்பதை அறிந்தவராதலால், நாக் நிகழும்போது விளக்கு மினுக்கும்படி எழுதி வைக்கிறார்.

விளக்கைக் கண்டவருக்கு ஆலோசனை சொல்ல ஆட்கள் உடனே கிடைப்பார்கள். பெட்ரோல் கெட்டது என்பார் ஒருவர். சென்சார் போய்விட்டது, மாற்றிவிடு என்பார் மற்றொருவர். அந்தச் சென்சாரின் வயரைப் பிடுங்கி விட்டால் விளக்கும் இராது, விசாரமும் இராது என்பார் மூன்றாமவர். இவர்களுள் முதல்வர் சொல்வது சில சமயம் உண்மை. இரண்டாமவர் சொல்வது அரிதாக உண்மை. மூன்றாமவரைக் கடைக்குள் விடாதிருப்பது நல்லது. மூவருமே செய்யத் தவறிய காரியம் ஒன்றே: அந்த விளக்கு எதைக் கேட்டு எரிந்தது என்று அவர்கள் விசாரிக்கவில்லை. எச்சரிக்கை என்பது ஒரு சாட்சியத்தின் தொடக்கம். குறுக்கு விசாரணை செய்யாமல் அதைத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்வதும் பிசகு, பொய்யென்று தள்ளுவதும் பிசகு. அந்த விசாரணையை நடத்த வேண்டுமானால், சிலிண்டருக்குள் நெருப்பு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும்.

திருவண்ணாமலையில் இருப்பவருக்கு நெருப்பைப் பற்றிப் பேச உதாரணம் தேட வேண்டியதில்லை. 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியில், கார்த்திகை மாதத்தில் ஏற்றப்படும் தீபத்தின் கொப்பரையில், நெய் திரித்துணியில் ஊறி மேலேறி, சூட்டில் ஆவியாகி, சுடரின் மேற்பரப்பில் வெளிக்காற்றைச் சந்திக்கும் இடத்தில் மட்டுமே எரிகிறது. கொப்பரையில் நெய் எவ்வளவு நிறைந்திருந்தாலும், காற்று வந்து கலக்கும் வேகத்துக்கு மேல் அது எரிய முடியாது; ஆகவேதான் அது நின்று நிதானமாக எரிகிறது. பெட்ரோல் எஞ்சினின் நெருப்போ வேறு ஜாதி. அங்கே பெட்ரோல் ஆவியும் காற்றும், பொறி விழுவதற்கு முன்பே, ஒன்றோடொன்று கலந்து, பிஸ்டனால் பத்தில் ஒரு பங்காக அமுக்கப்பட்டுக் காத்திருக்கின்றன. எரிவதற்கு வேண்டிய சகலமும் ஒவ்வோர் அணுவின் பக்கத்திலும் தயாராக இருப்பதால், எந்த இடமும் எந்தக் க்ஷணத்திலும் பற்றிக்கொள்ளக்கூடும்.

ஒழுங்கான தகனத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. ஸ்பார்க் பிளக்கில் பிறந்த சிறு சுடர், வினாடிக்கு 20 முதல் 40 மீட்டர் வரையிலான வேகத்தில், சுற்றிலும் பரந்து சுவர்களை நோக்கிச் செல்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்றுச் சுழலும்போது கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஒரு வினாடியில் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு நேரமே ஆகிறது. சுடர் அறையைக் கடக்கும் நேரம் 45 டிகிரி என்று கொண்டால், அது இரண்டரை மில்லி வினாடி. அந்த இரண்டரை மில்லி வினாடிக்குள், பிளக்கிலிருந்து வெகு தூரத்தில், சுவரோரம் ஒதுங்கி நிற்கும் எரியாத கலவையின் நிலைமை நாளுக்கு நாள் அல்ல, மைக்ரோ வினாடிக்கு மைக்ரோ வினாடி மோசமாகிறது. ஒருபுறம் பிஸ்டன் அதை அமுக்கியது. மறுபுறம், எரிந்து விரிந்த வாயு அதை மேலும் நெருக்குகிறது. நெருக்க நெருக்கச் சூடு ஏறுகிறது. சூடு ஏற ஏறப் பெட்ரோலின் மூலக்கூறுகள் உடைந்து, தாமே பற்றிக்கொள்வதற்கான ரசாயன ஆயத்தங்களைச் செய்துகொள்கின்றன. சுடர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டால் கலவை அமைதியாக எரிந்து முடியும். ஆயத்தம் முந்திக்கொண்டால், மிச்சமிருந்த கலவை முழுவதும் ஏககாலத்தில் வெடித்து, அந்த மூலையில் அழுத்தம் திடீரென்று உயர்ந்து, அழுத்த அலை ஒன்று சிலிண்டர்ச் சுவருக்குச் சுவர் மோதி ஓடும். வெளியே நிற்பவர் காதில் அது இரும்புத் தட்டைச் சிறு சுத்தியால் தட்டுவது போன்ற ‘டிக் டிக்’ சப்தமாக விழுகிறது. மெக்கானிக் ‘நாக் அடிக்குது’ என்று சொல்வது இதைத்தான்.

சப்தத்தால் எஞ்சின் கெடுவதில்லை, கெடுவது சூட்டாலும் அழுத்த அலையின் அடியாலும். தகனத்தின் உச்சத்தில் அறையிலுள்ள வாயு, பிஸ்டன் செய்யப்பட்டிருக்கும் அலுமினியம் உருகும் 660 டிகிரியைப் பன்மடங்கு மிஞ்சிய உஷ்ணத்தில் இருந்தும் பிஸ்டன் உருகாதிருக்கக் காரணம், உலோகத்தை ஒட்டி அசையாது நிற்கும் மெல்லிய வாயுப்படலம் ஒன்று அதைப் போர்த்திக் காப்பதே. நாக்கின் அலை அந்தப் படலத்தைத் துடைத்தெறிகிறது. அடி சிறிதானால் பிஸ்டனின் விளிம்பு மணல் தேய்த்தாற்போல் அரித்துப் போகும். பெரிதானால் ரிங் பொருந்தும் வரம்பு உடையும். நீடித்தால் தலையில் ஓட்டை விழும்.

இந்த விஷயத்தில் மனிதர் எவ்வளவு காலம் தவறான காரணங்களைப் பிடித்துக்கொண்டிருந்தனர் என்பதை அறிவது, இன்று காரணம் தேடுபவருக்குப் பெரிதும் பயன்படும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் பாட்டரியால் இயங்கும் இக்னிஷனையும் செல்ஃப் ஸ்டார்ட்டரையும் மோட்டாருக்குத் தந்தபோது, எஞ்சின் தட்டுவதற்கு அவருடைய இக்னிஷனே காரணம் என்று பழி சொன்னார்கள். பழியைத் துடைக்க விரும்பிய அவர், தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரை ஆராய்ச்சியில் ஏவினார். எரிபொருளுக்குச் சிவப்பு நிறம் ஏற்றினால் அது உஷ்ணத்தை அதிகம் கிரகித்துச் சீக்கிரம் ஆவியாகும், தட்டல் நிற்கும் என்பது 1916-இல் அவர்கள் கொண்ட ஊகம். ஆய்வுக்கூடத்தில் சிவப்புச் சாயம் அகப்படவில்லை, அயோடின் அகப்பட்டது, அதைக் கலந்தார்கள், தட்டல் நின்றது. பிறகு வேறு சிவப்புச் சாயங்களை வாங்கி வந்து கலந்து பார்த்தபோது ஒன்றும் பலிக்கவில்லை. நிறமற்ற அயோடின் சேர்மத்தைக் கலந்தால் பலித்தது. பரிசோதனை வெற்றி, காரணம் மட்டும் தப்பு! அன்று அவர்கள் அந்த இரண்டாவது பரிசோதனையைச் செய்யாமல் நிறுத்தியிருந்தால், சிவப்புப் பெட்ரோலை இன்றும் சிலர் தேடிக்கொண்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த மிட்ஜ்லியே 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயத்தின் குணத்தைக் கண்டார். 1923-இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே அதைத் தயாரித்த நியூஜெர்ஸி ஆலையில் தொழிலாளர்கள் ஈய விஷத்தால் மாண்டனர். தட்டலை நிறுத்திய அந்த விஷம் உலகத்தின் காற்றிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் கலந்தது நெடுங்கதை. இந்தியா முழுவதும் ஈயமில்லாத பெட்ரோல் வழங்கப்பட்டது 2000 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து. உலகத்தில் கடைசி நாடாகிய அல்ஜீரியா ஈயப் பெட்ரோலை நிறுத்தியது 2021-இல்.

இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ இதே காலத்தில் வேறொரு மார்க்கத்தில் சென்றார். ஓடிக்கொண்டிருக்கும்போதே அமுக்க விகிதத்தை மாற்றக்கூடிய பரிசோதனை எஞ்சின் ஒன்றை, முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் அமைத்து, எரிபொருள்களை ஒன்றன்பின் ஒன்றாக அதில் ஓட்டி, எது எந்த விகிதத்தில் தட்டத் தொடங்குகிறது என்று அட்டவணை வகுத்தார். அதனினும் முக்கியமான அவருடைய தொண்டு, இரண்டு வியாதிகளைப் பிரித்துக் காட்டியது. ஸ்பார்க் விழுந்த பிறகு, எரியாத மிச்சம் தானே வெடிப்பது நாக். ஸ்பார்க் விழுவதற்கு முன்பே, பழுக்கக் காய்ந்த பிளக் முனையோ கரித்துணுக்கோ கலவையைப் பற்றவைத்துவிடுவது முன்பற்றல். ஒன்று மற்றொன்றை வரவழைக்கும். ஆயினும் அவற்றின் காரணம் வேறு, சிகிச்சை வேறு. நூறாண்டு கழிந்தும் கார் பட்டறைகளில் இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வது ஓயவில்லை.

எரிபொருளின் சகிப்புத்தன்மைக்கு அளவுகோல் தந்தவர் கிரஹாம் எட்கர். தட்டலை நன்றாகத் தாங்கும் ஐசோ ஆக்டேனுக்கு 100 என்றும், சிறிதும் தாங்காத ஹெப்டேனுக்கு 0 என்றும் 1926-இல் அவர் வகுத்ததே இன்றும் பெட்ரோல் பங்க்கில் நாம் காணும் ஆக்டேன் எண். நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் அமுலான பி.எஸ்.-6 தரத்தின்படி சாதாரணப் பெட்ரோலுக்கு 91 போதும் என்றிருந்தது. உயர்தரப் பெட்ரோலுக்கு 95. இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் பெருநகரங்களில் 100 எண்ணுள்ள எக்ஸ்பி 100-ஐ அறிமுகம் செய்தது. வெளிநாட்டில் 95-க்கென்று எழுதிய டியூனிங் கோப்பை இணையத்தில் வாங்கி, 91 நிரப்பிய காரில் ஏற்றுபவர், நாக் வந்ததென்று ஆச்சரியப்படுவதில் நியாயமில்லை.

எத்தனால் கலப்பு இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறது. கரும்பு விளையும் இந்த ஜில்லாவுக்கு அது அந்நியப் பொருளன்று. சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து வடிக்கும் அதே சாராயம்தான் நீர் நீக்கப்பட்டுப் பெட்ரோலில் சேர்கிறது. அதன் ஆக்டேன் எண் 108 வரை இருக்கும்; ஆவியாகும்போது பெட்ரோலைப் போல் இரண்டரை மடங்கு உஷ்ணத்தை உறிஞ்சிக் கலவையைக் குளிரச் செய்யும்; ஆகவே நாக்கை அடக்குவதில் அது உத்தமமான பொருள். இருபது சதவிகிதம் கலந்த பெட்ரோலின் எண் 95 என்று அரசு கூறுகிறது. மைலேஜ் குறைகிறது என்ற முறையீடும் பொய்யன்று, லிட்டருக்கு லிட்டர் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு. டியூன் செய்தவர் கவலைப்பட வேண்டியது வேறு இரண்டைப் பற்றி. எத்தனால் எரிய அதன் எடையைப் போல் ஒன்பது மடங்கு காற்றுப் போதும், பெட்ரோலுக்கோ பதினான்கு மடங்குக்கு மேல் வேண்டும். ஆதலால் கலப்பு கூடினால் இன்ஜெக்டர் அதிக எரிபொருள் பாய்ச்சியாக வேண்டும், அது எட்டாவிட்டால் கலவை வறண்டு சூடேறும். மற்றொன்று தண்ணீர். கார்த்திகை மழையில் நிலத்தடித் தொட்டிக்குள் நீர் புகுந்தால், எத்தனால் பெட்ரோலை விட்டு நீரோடு கூடி அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சும் பெட்ரோல், எத்தனாலை நம்பிக் குறைந்த எண்ணில் தயாரானதாதலால், கலப்பில்லாத பழைய பெட்ரோலைவிடவும் எளிதில் தட்டும். மண்ணெண்ணெய் கலப்படத்தைப் பற்றி முதியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலச் சாயம் ஏற்றியதன் நோக்கங்களுள் அந்தத் திருட்டைக் காட்டிக்கொடுப்பதும் ஒன்று.

இனி உஷ்ணம். டர்போ காற்றை அமுக்கும்போதே அதைச் சூடாக்குகிறது என்பது பலரும் மறக்கும் விஷயம். திருவண்ணாமலையில் 40 டிகிரி வெயிலில் உள்ளிழுத்த காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்கு உயர்த்தினால், நூற்றுக்கு எழுபது திறமையுள்ள கம்ப்ரஸர் அதை ஏறக்குறைய 138 டிகிரியில் வெளியேற்றும். இன்டர்கூலர் என்னும் காற்றுக் குளிர்விப்பான், வண்டி ஓடிக்கொண்டிருந்தால் அதை 60 டிகிரிக்கு அருகே இறக்கிவிடும். நெரிசலில் நிற்கும் காரிலோ, முன்னால் ஏ.சி. கண்டென்ஸரின் அனலும் பின்னால் ரேடியேட்டரின் அனலும் சேர்ந்து இன்டர்கூலரையே அடுப்பாக்கி விடுவதால், காற்று 90 டிகிரியில் உள்ளே போகலாம். இந்த 30 டிகிரி வித்தியாசம், பத்துக்கு ஒன்றாக அமுக்கப்படும்போது சிலிண்டருக்குள் 64 டிகிரி வித்தியாசமாகப் பெருகிவிடுகிறது. நெரிசலை விட்டு வெளியே வந்த முதல் வேகத்தில் விளக்கு மினுக்குவதும், ஐந்து நிமிஷ ஓட்டத்துக்குப் பின் அதே அழுத்தத்தில் மினுக்காததும் இதனால்தான்.

அப்படியானால் பனி நாட்டில் நாக்கே இராது என்று எண்ணத் தோன்றும். கனடாவின் வால்கூர் என்ற ஊரில் 1959 முதல் ‘ஸ்கீ-டூ’ என்ற பெயரில் பனிச்சறுக்கு மோட்டார் வண்டிகளைச் செய்துவரும் நிறுவனம், 2020-இல் டர்போ பூட்டிய இரு வீச்சு எஞ்சினை வெளியிட்டு, 8,000 அடி உயரத்திலும் 165 குதிரைச் சக்தி குன்றாது என்று விளம்பரம் செய்தது. அத்தகைய வண்டிகளை டியூன் செய்து மலைச்சரிவில் ஏற்றுபவர்களும், நம்மவர்களைப் போலவே நாக் எச்சரிக்கையோடு போராடுகிறார்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் பனி ஸ்கூட்டர் ஓட்டும் காஷ்மீரத்துக் குல்மார்க், 2,650 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அதே இறுதி அழுத்தத்தை எட்ட டர்போ இரண்டு மடங்கல்ல, இரண்டே முக்கால் மடங்கு அமுக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியில் புகுந்த காற்றும் ஏறக்குறைய 116 டிகிரியில் வெளிவரும். சித்திரை வெயிலுக்கும் காஷ்மீரப் பனிக்கும் இடையேயுள்ள ஐம்பது டிகிரியில் பாதிக்கு மேல், கம்ப்ரஸரைத் தாண்டுவதற்குள் கரைந்துபோய்விடுகிறது.

உயரத்தின் மற்றொரு விளையாட்டு, பெங்களூரிலிருந்து இறங்கி வருபவருக்கு உரியது. ஈசியூவே பூஸ்ட்டை ஆளும் கார்களில் இதற்குச் சமாதானம் உள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. வெறும் ஸ்பிரிங்கும் திருகும் கொண்டு அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பழைய முறையை வைத்திருப்பவருக்கோ, அந்த ஸ்பிரிங் வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்றுதான் அளக்குமாதலால், 900 மீட்டர் உயரத்தில் சரியாக இருந்த அமைப்பு சமவெளியில் ஏறக்குறைய 0.08 பார் அதிகமான மொத்த அழுத்தத்தைத் தரும். அதோடு வெயிலும் சேர்ந்துகொள்ளும். கப்பன் பூங்காவின் காலைக் குளிரில் ஓட்டிப் பார்த்துத் தேறிய டியூனிங், செங்கத்து நண்பகலில் தவறுவதில் வியப்பில்லை.

நாக்கைக் கேட்கும் கருவியைப் பற்றிச் சொல்லாமல் விசாரணைக்குப் போக முடியாது. அழுத்த அலை சிலிண்டருக்குள் எந்தச் சுருதியில் ஒலிக்கும் என்பதை 1930-களில் கணக்கிட்டவர்களுள் ஒருவர் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர். பிற்காலத்தில் சந்திரனுக்குச் சென்ற அப்போலோவுக்கு வழிகாட்டும் கருவியை அமைத்த அதே டிரேப்பர். சிலிண்டரின் விட்டம் குறையச் சுருதி ஏறும்: 80 மி.மீ. விட்டத்துக்கு வினாடிக்கு 7,000 அதிர்வு, 70 மி.மீ. விட்டத்துக்கு 8,000-க்கு அருகே. பழைய புல்லட் 350-இன் விட்டமும் இன்றைய ஒரு லிட்டர் டர்போ எஞ்சினின் விட்டமும் ஏறத்தாழ 70 மி.மீ. என்பதால், தலைமுறை பல கடந்த இவ்விரண்டும் ஒரே சுருதியில்தான் தட்டும்! வயது ஏற ஏற மனிதச் செவி முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளை; மூத்த மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து முனையை எஞ்சினில் ஊன்றிக் கேட்பது அந்தக் குறையையும் ஓரளவு தீர்க்கிறது. எஞ்சின் பிளாக்கில் போல்ட்டால் இறுக்கியுள்ள நாக் சென்சார் செய்வதும் அதே காரியம். அதனுள் இருக்கும் படிகம், 1880-இல் கியூரி சகோதரர்கள் கண்ட குணத்தின்படி, அதிர்வால் நெருக்கப்படும்போது மின்னழுத்தம் தருகிறது. ஈசியூ, ஒவ்வொரு சிலிண்டரும் எரியும் குறுகிய நேரத்தில் மட்டும் அந்த மின்னழுத்தத்தைக் கவனித்து, வழக்கமான இரைச்சலைவிட மிஞ்சினால் நாக் என்று கொண்டு, ஸ்பார்க்கைச் சில டிகிரி பின்னுக்கு இழுக்கிறது. அமெரிக்காவின் ப்யூக் 1978-லேயே டர்போ எஞ்சினில் இதைப் பூட்டியது. ஸ்வீடனின் சாப், சில ஆண்டுகளில், நாக் கேட்டால் பூஸ்ட்டையே குறைக்கும் ஏற்பாட்டைச் செய்தது.

இந்தக் கருவிக்கு எரிதல் தெரியாது, அதிர்வுதான் தெரியும் என்பதே விஷயத்தின் சாரம். தளர்ந்த வெப்பத்தகடு, டர்போவின் வேஸ்ட்கேட் தண்டு, தேய்ந்த பிஸ்டன், நேரடி இன்ஜெக்டரின் கிளிக், புதிதாக மாட்டிய கடினமான எஞ்சின் மவுண்ட் ஆகிய எல்லாம் அதே நேரத்தில் அதே சுருதியருகே ஒலித்தால் அது நாக் என்றே சொல்லும். அதன் போல்ட் இறுக்கமும் விசாரணைக்குரியது: பாஷ் நிறுவனத்தின் சென்சார்களுக்கு 20 நியூட்டன் மீட்டர் என்று விதித்திருக்க, அளவுகோல் இல்லாமல் கைப்பழக்கத்தில் இறுக்கியதும், அடியில் வாஷர் போட்டதும், பெயின்ட் மேல் உட்கார வைத்ததும் அதன் காதையே மாற்றிவிடும். ஸ்கேனரில் பி0325 என்ற குறி வந்தால் அது சென்சாரின் மின்சுற்றைப் பற்றிய முறையீடு, எஞ்சின் தட்டியதைப் பற்றியதன்று. இவ்வித்தியாசம் தெரியாமல் நல்ல எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு.

ஆகவே முதற்கேள்வி: நாக் மெய்யா, பொய்யா? ஸ்டீரிங்குக்கு அடியிலுள்ள ஓபிடி துவாரத்தில் சிறு ஸ்கேனரைச் செருகி, சுழற்சி, பூஸ்ட், உள்காற்றின் உஷ்ணம், ஸ்பார்க் டைமிங், நாக்குக்காக இழுத்த டிகிரி, எரிபொருள் கலவையின் நிலை ஆகிய ஆறையும் ஒருங்கே பதிவு செய்துகொண்டு, போளூரிலிருந்து ஜமுனாமரத்தூர் ஏறும் மலைச்சாலை போன்ற, பாரம் நிலையாக உள்ள, ஜனநெரிசல் இல்லாத இடத்தில் வேக வரம்புக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினாலும் விட்டாலும் ஒரே சுழற்சியில் வருமானால் அது பெரும்பாலும் இயந்திர இரைச்சல். பாரம் ஏறும்போது மட்டும் வந்து, பாரம் இறங்கியதும் போனால் சந்தேகம் வலுக்கிறது. மிட்ஜ்லி செய்த அந்த இரண்டாவது பரிசோதனையை இங்கே செய்ய வேண்டும்: தொட்டி ஏறக்குறையக் காலியானதும் வேறு நல்ல பங்க்கில் உயர்ந்த எண்ணுள்ள பெட்ரோல் நிரப்பி, அதே சாலையில், அதே கியரில், அதே வேளையில் ஓட்டிப் பார்ப்பது, டியூனரைக் கொண்டு டைமிங்கை மூன்று டிகிரி பின்னுக்கு இழுத்து மீண்டும் பார்ப்பது. மெய்யான நாக் இவ்விரண்டுக்கும் பணியும். பெட்ரோலுக்கும் பணியாமல் டைமிங்குக்கும் பணியாமல் நிற்பது, ஒன்று தகனத்துக்குச் சம்பந்தமில்லாத இரைச்சல், அல்லது ரிக்கார்டோ பிரித்துக் காட்டிய மற்றொரு வியாதி.

அந்த மற்றொரு வியாதி டர்போவும் நேரடி இன்ஜெக்ஷனும் கூடிய சிறு எஞ்சின்களில் புது உருவம் எடுத்திருக்கிறது. நிமிடத்துக்கு 1,500 முதல் 2,000 சுற்று வரையிலான மந்தமான ஓட்டத்தில், பெரிய கியரிலேயே முழு ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், சிலிண்டர்ச் சுவரிலிருந்து தெறித்த எண்ணெய்த் துளியோ கரித்துகளோ ஸ்பார்க்குக்கு முன்பே கலவையைப் பற்றவைத்து, ஒன்றிரண்டு பேரிடிகளாக விழும். ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுப்பதால் இதற்குப் பயனில்லை, ஸ்பார்க் அதில் கட்சிக்காரரே அல்லர். எஞ்சின் ஆயிலில் சேர்க்கும் கால்சியச் சுத்திகரிப்புப் பொருள் இதைத் தூண்டுகிறது என்று கண்டறிந்து, 2018-இல் எஸ்.என். பிளஸ் என்றும் 2020-இல் எஸ்.பி. என்றும் புது ஆயில் தரங்களை வகுத்தார்கள். டர்போ காரில் மலிவான பழைய தர ஆயில் ஊற்றுவது மிச்சமாகாது. கியரை ஒரு படி குறைத்து ஏறுவதற்கோ செலவே கிடையாது. நம் ஓட்டுநர்கள் பலர் அதைச் செய்யாமலிருப்பது மைலேஜ் ஆசையால் என்றே நினைக்கிறேன்.

நாக் மெய்யென்று துணிந்தபின் காரணங்களை எளியதிலிருந்து அரியதை நோக்கித் தேட வேண்டும். உள்காற்று சூடா? இன்டர்கூலரின் முகத்தை மண்ணும் பூச்சியும் அடைத்திருக்கும். பூஸ்ட் ஏற ஏறக் கலவை வறள்கிறதா? பெட்ரோல் பம்ப்போ ஃபில்டரோ அடைபட்ட இன்ஜெக்டரோ ஈடுகொடுக்கவில்லை. பிளக்கைக் கழற்றிப் பீங்கானைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், கறுப்பும் வெள்ளியுமான நுண்புள்ளிகள் தெரிகின்றனவா? வெள்ளிப்புள்ளி பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அதைக் கண்ட பிறகு ஓட்டிப் பார்ப்பதை அன்றே நிறுத்திவிட வேண்டும். எல்லாம் ஒழுங்காக இருந்தும் நாக் மிஞ்சினால் குற்றம் டியூனிங்கினுடையது. சக்தியில் சில குதிரைகளைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே அதற்குச் சிகிச்சை.

காரைப் பட்டறையில் விடும்போது ஸ்கேனர் பதிவையும், கடைசியாகப் பெட்ரோல் போட்ட பங்க்கின் ரசீதையும், ஊற்றிய ஆயிலின் பெயரையும், விளக்கு எரிந்த வேளையில் என்ன கியரில் எவ்வளவு வெயிலில் இருந்தீர்கள் என்ற குறிப்பையும் ஒரு தாளில் எழுதி மெக்கானிக் கையில் கொடுங்கள். சென்சாரின் வயரை மட்டும் யார் சொன்னாலும் பிடுங்க விடாதீர்கள்.